ஊருக்கு ஒளித்து வாங்கிய வான்

சனிக்கிழமை காலையில் ஒக்லாந்தின் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதிக்குப் போனால், தெரிந்த முகம் ஒன்றையாவது காணாமல் திரும்ப முடியாது. அதற்காகவே ஆனந்தராசா கடை திறந்தவுடன் போய்விடுவார். அன்றைக்கு அவர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு ட்ரொலி வந்து நின்றது. வெள்ளிக்கிழமைப் பூசையில் பழக்கமான சரோஜாதேவி.

“ஆனந்தண்ணை, யோகாக்கா எங்க? வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் கனநாளாக் காணேல்ல.”

“அவவுக்கு முழங்கால் நோ. கனநேரம் நிக்க ஏலாது.”

“எந்தக் கால்?”

ஆனந்தராசா திகைத்துப்போனார். போன மாதம் இதே ஆளிடம் இடது காலைச் சொன்னோமா வலது காலைச் சொன்னோமா என்று அவருக்கு நினைவில்லை. “இரண்டும்தான்,” என்று சொல்லிவைத்தார்.

“ஐயோ. அப்ப நான் ஒருக்கா வந்து பாக்கிறன்.”

“வேண்டாம், வேண்டாம். ஆக்களைச் சந்திக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்.”

முழங்கால் நோவுக்கு ஆட்களைச் சந்திக்கக் கூடாது என்று சொல்லும் டொக்டர் ஒக்லாந்தில் எங்கே இருக்கிறாரோ, அது ஆனந்தராசாவுக்குத்தான் வெளிச்சம். வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காசு கட்டும் பக்கம் நடையைக் கட்டினார்.

உண்மையில் அவர் மனைவி யோகராணியின் முழங்கால்களில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு வந்தது குடலில் புற்றுநோய். போன வருடம் ஒப்பரேசன் செய்து, கெட்டுப்போன குடலை வெட்டியெடுத்து, வயிற்றில் ஒரு வாய் வைத்து அதில் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். இனி மலம் அந்தப் பைக்குள்தான் வரும். நோயை முழுதாக எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை, முன்போல் வெளியே நடமாடலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

நடமாடச் சொல்வது சுலபம். போகிற இடத்தில் பை நிறைந்தால், கசிந்தால், கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரோடு சுத்தம் செய்ய ஓர் இடம் வேண்டும். பூசை நடக்கும் வாடகை மண்டபத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. வாசலில் எப்போதும் வரிசை. யோகராணிக்கு அதை நினைத்தாலே உடம்பு கூசும். ஞாயிறு தோறும் மிஷன் பே கடற்கரையில் கைவீசி நடந்தவள், இப்போது யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து தெருவில் போகும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ஆனந்தராசா. மூத்த பிள்ளை நிசாந்தினிக்குக் கல்யாணம் பேசும் வயது. சிட்னியிலிருந்து ஒரு மாப்பிள்ளை பகுதி சாதகக் குறிப்புக் கேட்டிருந்தது.

“தாய்க்குக் கான்சர் எண்டு தெரிஞ்சால் பரம்பரை வருத்தம் எண்டு சொல்லி எழும்பிப் போயிடுவினம், யோகா. கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பம்.”

யோகராணி தலையாட்டினாள். நோயோடு மல்லுக்கட்டி வெளியே வந்தவள், ஏதோ குற்றம் செய்துவிட்டவளைப் போல வீட்டுக்குள் முடங்கினாள். நம்மவர் வீடுகளில் இந்த அநியாயம் எத்தனை தரம் நடந்தாலும் ஒருவரும் அதை அநியாயம் என்று சொல்வதில்லை. அதற்குக் குடும்ப மானம் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் புண்ணைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தாதி பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அவளிடம் வரும் இன்னொரு பெண், படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் கேம்பர் வான் ஒன்றில் நாடெல்லாம் சுற்றுகிறாளாம். அன்று முழுவதும் யோகராணி அதைப் பற்றியே கதைத்தாள்.

“இஞ்சேருங்கோ, அப்பிடி ஒண்டு இருந்தால் நானும் கடலைப் பாக்கப் போகலாம் என்ன?”

பல மாதங்களுக்குப் பிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. எப்பாடு பட்டாவது வாங்குவது என்று ஆனந்தராசா அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

அதற்காக எங்கேயும் அலைந்திருக்கத் தேவையில்லை. அவர் கணக்கெழுதும் களஞ்சியம் பென்ரோஸில். அதே வீதியில், சரோஜாதேவியின் புருஷன் மகேசன் பழைய வான்கள் விற்கும் யார்ட் வைத்திருந்தான். வெள்ளை நிறத்தில் ஒரு கேம்பர் வான் அங்கே வேலியோரம் நின்றது. ஆனந்தராசா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் காரை மெதுவாக்கி அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

“மகேசன் அங்கிளிட்டக் கேளுங்கோவன் அப்பா. அம்மாவும் வந்து ஏறிப் பாக்கலாம்,” என்றாள் நிசாந்தினி.

“அவனிட்டயோ? டொய்லட் உள்ள வான் உங்களுக்கு என்னத்துக்கு அண்ணை எண்டு முதல் கேள்வியே அதுதான் கேப்பான். யார்ட் ஒபீசில இருக்கிறது ஆர்? சரோஜா. அவவின்ர காதில விழுந்தால் வெள்ளிக்கிழமைப் பூசைக்குள்ள ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்.”

கிறைஸ்ட்சேர்ச்சில் ஒரு வியாபாரியின் விளம்பரம் பத்திரிகையில் வந்திருந்தது. அது தெற்குத் தீவு, நடுவில் கடல். அங்கே ஆனந்தராசாவை யாருக்கும் தெரியாது, அவரும் யாரையும் அறியார். அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. ஃபோனில் வியாபாரி தேனாகப் பேசினான். தபாலில் வந்த படங்களில் வான் பளபளவென்று மின்னியது.

“பாக்காமல் ஆராவது வான் வாங்குவினமா? ஒருக்கா ஓடிப் பாக்காமல்?” நிசாந்தினி விடவில்லை.

“படத்தில பாத்தாச்சுத்தானே,” என்றார் ஆனந்தராசா. வீட்டில் ஒரு கத்தரிக்காய் வாங்குவதானாலும் கையில் எடுத்து, திருப்பி, காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற மனிதர் அவர்.

விலையிலும் பெரிய லாபம் இருக்கவில்லை. ஓட்டி வருவதற்கு ஆள் கூலி, கடல் தாண்டும் ஃபெரிச் செலவு எல்லாம் சேர, மகேசனின் வானில் எழுதியிருந்த விலைக்குச் சரியாக வந்துவிட்டது. வந்து சேர்ந்த வானை வீட்டுப் பின்வளவுக்குள் விட்டு, மேலே நீலத் தார்ப்பாயால் மூடினார். வானை வாங்கியும் அதை ஊர் பார்க்கக் கூடாது.

முதல் பயணத்துக்கு யோகராணி மிஷன் பே போகலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் அங்கே வடையும் ஃபிளாஸ்க்குமாக நிறைந்திருப்பார்கள் என்று ஆனந்தராசா மறுத்துவிட்டார். வடக்கே, தமிழ் முகம் ஒன்றும் எட்டிப் பார்க்காத ஒரு கடற்கரையைத் தேடி ஓட்டினார். யோகராணி முன் சீட்டில் இருந்தாள். நல்ல சேலை, நெற்றியில் பொட்டு. வழியெல்லாம் ஆடுகளையும் குன்றுகளையும் காட்டிக் கதைத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய பழைய குரலைக் கேட்டு ஆனந்தராசாவுக்குக் கண் கலங்கியது.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பை கசிந்தது. அவள் பதறவில்லை. அதற்குத்தானே வான். உள்ளே போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திருகினால் இருமல் மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அவர் வீட்டில் நிரப்பிய தண்ணீர் முழுவதும் வழியிலேயே ஒழுகிப்போயிருந்தது. தண்ணீர் கேட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தாள். கதவு அசையவில்லை. ஈரம் குடித்து ஊதிப்போயிருந்த பலகைக்கு மேலே வியாபாரி அழகாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தான். சாத்திய கதவு நிலையோடு இறுகிவிட்டது.

“இஞ்சேருங்கோ.” அவள் குரல் மெலிந்து வந்தது. “கதவு திறக்குதில்லை.”

ஆனந்தராசா இழுத்தார். தோளால் இடித்தார். உள்ளே அவள் அழும் சத்தம் கேட்டது. பக்கத்தில் நாயோடு நடந்துபோன ஒரு முதியவர் ஓடி வந்தார். அவருடைய காரிலிருந்த இரும்புக் கம்பியால் இருவருமாகக் கதவைப் பெயர்த்தார்கள். யோகராணி சேலையால் தன்னைச் சுற்றிக்கொண்டு, நனைந்த பலகை மேல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாத அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு துவாயை நீட்டினார். தன் காரிலிருந்து தண்ணீர்க் கானையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வீடு வந்ததும் அவள் நேரே அறைக்குள் போனாள். அதற்குப் பிறகு யன்னலோரக் கதிரையிலும் உட்காரவில்லை. அறைக்குள்ளேயே கிடந்தாள்.

ஆனந்தராசா கிறைஸ்ட்சேர்ச்சுக்கு ஃபோன் எடுத்தார். தேன் குரல் மாறவில்லை. கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறோம் என்றது. ஒழுகும் வானைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டும்! இங்கேயே மவுண்ட் வெல்லிங்டனில் வான் விற்றுத் திருத்தும் ஒரு வேலைத்தலத்தில் விசாரித்தால், தங்களிடம் வாங்கியவர்களின் வேலைகளே தேங்கிக் கிடக்கின்றன, இப்போதைக்கு ஏலாது என்றார்கள். கடைசியில் அவர் அறை வாசலில் போய் நின்றார்.

“அந்தச் சனியனை வந்த விலைக்குத் தள்ளிவிடப்போறன் யோகா. நீர் கவலைப்படாதையும்.”

யோகராணி முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: “பழுதான வானை விக்கலாம். என்னை என்ன செய்யப் போறீங்கள்?”

இவ்வளவு நாளும் தான் மறைத்தது நோயை அல்ல, பெண்டாட்டியை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவளுடைய வாசல்களை ஒவ்வொன்றாகச் சாத்தியது அவர்தான்.

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் காரை மகேசனின் யார்ட்டுக்குள் திருப்பினார். ஒபீசில் மகேசனும் சரோஜாதேவியும் இருந்தார்கள். உட்காராமலே, நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். புற்றுநோய், பை, முழங்கால் பொய், கிறைஸ்ட்சேர்ச் வான், கடற்கரையில் பெயர்த்த கதவு, எல்லாம்.

மகேசன் எழுந்து யன்னலருகே போனான். பிறகு வேலியோரம் நின்ற வெள்ளை வானைக் காட்டினான்.

“உது கன மாதமா உதிலதான் நிக்குது அண்ணை. அக்கா வந்து ஏறி, கதவைச் சாத்தி, குழாயைத் திறந்து பாத்திருக்கலாம். பழுதெண்டால் அடுத்தநாள் என்ர சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம். அங்க ஆரின்ர சட்டையைப் பிடிக்கப் போறீங்கள்? சாமான் வாங்கினால், திரும்பிப் போய்க் கேக்கக்கூடிய இடத்தில வாங்கவேணும்.” பிறகு குரல் தாழ்ந்தது. “அதை விடுங்கோ. வருத்தத்தைச் சொல்லாமல் விட நான் உங்களுக்கு அந்நியனோ?”

ஆனந்தராசா தலை நிமிரவில்லை. எதற்கும் ஆயிரம் கேள்வி கேட்கிற சரோஜாதேவி, மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

மகேசன் போய், பின்வளவில் நின்ற வானை யார்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். ஊறிய பலகைகளைக் கழற்றி எறிந்து, தண்ணீர்த் தொட்டியையும் கழிப்பறைக் கதவையும் புதிதாகப் போட்டான். வேலை முடிந்தது என்று சொன்னதும், யோகராணியைக் கூட்டி வருவதுதான் ஆனந்தராசாவுக்குப் பெரும்பாடாகப் போயிற்று. “இந்த முறை நீர் பாத்துச் சரியெண்டு சொன்னால்தான் சரி. நான் ஒண்டையும் ஒளிக்கப் போறேல்ல,” என்று அவர் சொன்ன பிறகே அவள் எழுந்து சேலை மாற்றினாள். சிட்னிப் பகுதிக்கும் அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அங்கிருந்து பிறகு சத்தம் இல்லை. “போறவை போகட்டும் அப்பா. அம்மாவை ஒளிச்சு வச்சு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்,” என்று நிசாந்தினி முடித்துவிட்டாள்.

யார்ட்டில் யோகராணி வானுக்குள் ஏறினாள். சரோஜாதேவியும் பின்னாலேயே ஏறினாள். ஆனந்தராசா படியருகே நின்றார். மகேசன் அந்தப் பக்கம் ஒரு சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். கழிப்பறைக் கதவு சாத்தித் திறக்கும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அப்போது சரோஜாதேவியின் குரல், இதுவரை அவர் கேட்டிராத சின்னக் குரலில், உள்ளேயிருந்து வந்தது.

“யோகாக்கா, உங்களுக்கு முதல்ல எப்பிடித் தெரிஞ்சது?”

“மலத்தோட ரத்தம் போச்சு. மூலமாக்கும் எண்டு நினைச்சுக் கொஞ்ச நாள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ஏன்?”

குழாய் மூடும் சத்தம் கேட்டது. “எனக்கும் போகுது அக்கா. கனநாளா. இவருக்குக்கூடச் சொல்லேல்ல. வெக்கமாக் கிடந்தது. அண்ணை வந்து சொன்ன அண்டைக்குத்தான் பயம் பிடிச்சது.”

படியருகே நின்ற ஆனந்தராசாவுக்கு எல்லாம் கேட்டது. எந்த வாய்க்குப் பயந்து கடல் தாண்டிப் போய் வான் வாங்கினாரோ, அந்த வாய் தன் உயிரைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாமல் இவ்வளவு நாளும் மூடிக் கிடந்திருக்கிறது. அவர் முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால், அவளும் எப்போதோ டொக்டரிடம் போயிருப்பாள்.

யோகராணி கழிப்பறையை விட்டு வெளியே வந்தாள். சரோஜாதேவியின் கையை இறுக்கப் பிடித்திருந்தாள். வானின் கதவை அகலத் திறந்து, காற்றடிக்கும் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கூப்பிட்டாள்.

“மகேசன், அந்த மெசினை நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வா. நாளைக்குச் சரோஜாவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகவேணும். நானும் வாறன்.”

ஒன்றும் விளங்காமல் மகேசன் ஓடி வந்தான். சரோஜாதேவி அவனைப் பார்க்க மாட்டாமல் முகத்தை மூடிக்கொண்டாள். யோகராணி அந்தக் கைகளை மெதுவாக விலக்கினாள்.

“முகத்தை மூடாத பிள்ளை. வருத்தம் வாறது நாங்கள் செய்த குற்றமில்லை. அதை ஒளிச்சு வைக்கிறதுதான் குற்றம். கான்சர் என்னைக் கொல்லேல்ல. ஒளிச்சு வச்சதுதான் கொல்லப் பாத்தது.”

கடைசிச் சொல்லை அவள் ஆனந்தராசாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓம் யோகா,” என்றார்.