சப்பாத்தி பற்றி ஒரு முறைப்பாடு

1

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பலில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நிருபா இருக்கிறாள். சனிக்கிழமைகளில் அவள் வீட்டிலிருந்து ஆறு வீடுகளுக்குச் சப்பாத்தி போகும். ஒரு சனிக்கிழமை அந்தச் சப்பாத்தி விறைத்துப்போய் இருந்தது. சாப்பிட்ட ஒருவர் நிருபாவுக்குப் போன் எடுத்துக் குறை சொன்னார். அவ்வளவுதான். இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "வசந்தரூபியின் கைகளில் மா ஒரு பூவைப் போல..." அடித்துவிட்டேன். மா மாவைப் போலத்தான் இருக்கும்.

2

வசந்தரூபி வன்னியிலிருந்து வந்து ஏழு மாதம். நிருபாவுக்கு ஒன்றுவிட்ட மச்சாள். அவள் வீட்டு ஹோலில் படுக்கிறாள். அகதி விண்ணப்பம் போடுவதற்காகக் காத்திருக்கிறாள். ஊரில் ஆறு வருடம் ஒரு தேநீர்க் கடையில் ரொட்டி சுட்டவள் என்பதால், இங்கேயும் அடுப்படி அவள் பொறுப்பு.

அவளுடைய சப்பாத்தி மறுநாள் காலையிலும் மெத்தென்று இருக்கும். இடியப்ப மாவுக்கு விடுவது போல ஆட்டா மாவுக்கும் கொதிதண்ணீர் விடுவாள். மற்றவர்கள் அகப்பைக் காம்பால் கிளறி, சூடு தணிந்த பிறகே குழைப்பார்கள். இவள் ஆவி பறக்கும்போதே கையை வைத்துவிடுவாள். கல்லில் போட்ட பிறகும் தட்டகப்பையைத் தேடமாட்டாள். விரல் நுனியால் ஓரங்களை அழுத்தி அழுத்தித் திருப்புவாள், அது பொங்கி எழும்பும்.

[நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். குழைத்த மாவை ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் விடுங்கள். கையை மட்டும் அவசரப்பட்டு வைக்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்து விளையாட நினைத்தேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.]

3

பொபினியில் உள்ள அகதி விண்ணப்ப அலுவலகத்தில் கைரேகை எடுக்கக் கூப்பிட்டார்கள். வசந்தரூபி கைரேகை இயந்திரத்தின் கண்ணாடியில் நாலு விரலையும் வைத்தாள். இயந்திரம் சிவப்பைக் காட்டியது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. அங்கிருந்த அலுவலர் அவளுடைய விரல்களைத் திருப்பிப் பார்த்தார். ரேகை இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று கிடந்தது.* மூன்று கிழமை கழித்து வரச்சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

மிச்சத்தைச் சொன்னது வரிசையில் பின்னால் நின்ற ஒருவர். முன்பே வேறு நாட்டில் ரேகை கொடுத்தவர்களை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம், அதை மறைக்கச் சிலர் விரலைச் சுட்டுக்கொண்டு வருவார்களாம். இரண்டாம் முறையும் ரேகை விழாவிட்டால் உன்னையும் அப்படித்தான் நினைப்பார்கள், அத்தோடு எல்லாம் முடிந்தது என்றாராம். வசந்தரூபி வேறெந்த நாட்டிலும் விரல் வைத்தவள் அல்ல. ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்ப வரச்சொன்னார்கள் என்று மட்டும் நிருபாவிடம் சொன்னாள். விரலை அழித்துக்கொண்டு வந்தவள் என்று லா சப்பலில் ஒரு பேச்சுக் கிளம்பினால் மெத்ரோ ரயிலை விட வேகமாக ஓடும். பிறகு நிருபாவே தன்னை வீட்டில் வைத்திருக்கப் பயப்படுவாள் என்று நினைத்தாள். ஆகவே ஒருவருக்கும் தெரியாமல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்தாள், தட்டகப்பையால் திருப்பினாள், விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசினாள். பத்து நாளில் பெருவிரலில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அவற்றை எண்ணிப் பார்த்தாளாம்.

சப்பாத்தி விறைத்தது அந்தச் சனிக்கிழமைதான்.

* ரொட்டி சுடுகிற எல்லோருக்கும் இப்படி ஆகுமா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. பார்க்கவும் பயம்.

4

குறை சொன்னவர் ழான்-லூக். புதுச்சேரிக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், பல் கட்டியவர், சாப்பாட்டு விஷயத்தில்...

(நிறுத்துகிறேன். இந்த ழான்-லூக்கை மூன்று பிரதிகளில் வளர்த்தேன். அவருக்கு ஒரு மீசையும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் கூடக் கொடுத்தேன். அப்படி ஒருவர் எங்கள் கட்டடத்தில் இல்லை. போன் எடுத்தவன் நான்.)

"நிருபா, இந்தமுறை பப்படமோ அனுப்பினனீங்கள்?" என்று கேட்டேன். பகிடிக்குத்தான். எழுதுகிறவனுக்கு வாயில் ஒரு பகிடி வந்தால் விழுங்கத் தெரியாது.

நிருபா கோபத்தில் கதவை அறைந்து... இல்லை. பழியில் பாதியை அவள் தலையில் போட எனக்கு வசதியாக இருந்ததால் அப்படி எழுதப் பார்த்தேன். அவள் சத்தமே போடவில்லை. மேல்வீட்டு அண்ணை இப்படிச் சொல்கிறார், உனக்குச் சுகமில்லையா ரூபி என்று மட்டும் கேட்டாள். ஒன்றுமில்லை மச்சாள் என்றாள் வசந்தரூபி.

அடுத்த சனிக்கிழமை வந்தது. பொபினிக்குப் போக நாலு நாள் இருந்தது. வசந்தரூபி கொதிதண்ணீரை மாவில் ஊற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு குறை வந்து, இருக்கிற ஒரே இடமும் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்தாளாம். பிறகு கையை வைத்தாள்.

5

புதன்கிழமை நிருபாவுக்கு வேலை. பிரெஞ்சு தெரிந்தவர் என்று என்னைத் துணைக்கு அனுப்பினாள். ஸ்டாலின்கிராட் நிலையத்தில் மாறி ஐந்தாம் இலக்க மெத்ரோவில் போனோம். வழி முழுக்க வசந்தரூபி கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். குளிராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பொபினியில் காத்திருந்தபோதுதான் கைகளை வெளியே எடுத்தாள். நான் மேலே எழுதியவற்றையெல்லாம் மெல்லிய குரலில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணை, போன சனி சப்பாத்தி மெத்தெண்டு இருந்ததோ?"

"ஓம்," என்றேன். "நல்ல மெத்து."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள்.

6

முடிவு ஒன்று: பச்சை விளக்கு. எழுதி வாசித்தேன். அதில் தப்பியது அவளல்ல, நான். கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சிவப்பு. இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை.

முடிவு மூன்று: சிவப்பு எரிகிறது. நான் முன்னால் போய், மதாம், இவள் விரலைச் சுட்டது எதையும் மறைக்க அல்ல, என் வாய்க்கு ருசி வேண்டுமென்று என்கிறேன். இந்த வசனத்தைப் பிரெஞ்சில் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது பொய் போலவே கேட்டது.

அவளுடைய இலக்கத்தைக் கூப்பிடுகிறார்கள். வசந்தரூபி கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டு எழும்புகிறாள். நானும் எழும்புகிறேன். கைரேகைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலுவலரின் நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் யாரையும் உட்காரவைத்து எழுத என்னால் முடியவில்லை. மா குழைத்ததிலிருந்து முழுக் கதையும் தெரிந்தவர் நீங்கள்.

உட்காருங்கள். அவள் நாலு விரலையும் வைத்துவிட்டாள்.