செவலைக்கு எடுத்த படம்

பழனியாத்தாளுக்குக் கோபம் வந்தால் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்கும். தொண்ணூற்றெட்டு ஐப்பசி முழுக்க அவள் வாயில் அரைபட்டது ஒரே ஆள், கணபதி என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த யாகூப். அவளுக்கு மணிக்கட்டு வீங்கிக் கையால் கறக்க முடியாமல் போனபோது, பால் கறக்கும் மெசினைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தவன் அவன்தான். இப்போது என்னடாவென்றால், இருக்கிற மாடுகளிலேயே அதிகம் கறந்த செவலைக்குக் காம்பு நுனியெல்லாம் தடித்துப் போய், மெசினின் உறிஞ்சு கப்பைக் காம்பில் மாட்டினாலே உதைத்தது. பாலும் பாதியாகிவிட்டது.

"நல்ல மாட்டைக் கெடுத்துப்போட்டானுங்க, அவன் வெளங்குவானா?" என்று பால் சொசைட்டியில் ஒருவர் விடாமல் சொன்னாள். கடைசியில் மாட்டுத் தரகர் கருப்புசாமிக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். அவர் வண்டியில் ஏறின மாடு இன்னொரு கொட்டகைக்குப் போனதில்லை. அது தெரிந்துதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் யாகூப் காதுக்குப் போனது. "மாட்டை ஏத்தறதுக்கு முன்னால ஒரு படம் எடுத்துப் பாக்கோணும், டாக்டரம்மாவோட வாரேன்" என்று சொல்லியனுப்பினான்.

படமா! பழனியாத்தாள் விடிவதற்குள் செவலையை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கொம்புக்கு எண்ணெய், நெற்றிக்குப் பொட்டு, மடிக்கு மஞ்சள். போகிற பிள்ளையை அழகாகப் பார்த்துவிட வேண்டுமென்று ஒவ்வொன்றாகச் செய்தாள்.

கால்நடை டாக்டர் மெர்சி கனத்த கேமராவோடு வந்து இறங்கினாள். நூல் மில்லில் எந்த ஒயர் சூடாகிறது என்று பார்க்க வைத்திருந்ததை இரவல் வாங்கியிருந்தாள். அது சூட்டை மட்டும்தான் காட்டும். சூடான இடம் வெள்ளையாகவும், ஆறின இடம் கறுப்பாகவும் திரையில் தெரியும். மெர்சி மடிக்கு நேராகப் பிடித்தாள். மடி மொத்தமும் சோற்று உருண்டை மாதிரி ஒரே வெள்ளை.

"ஏனுங்கம்மா, வெந்நீர் ஊத்துனீங்களா?"

"பின்னே? போட்டோவுக்கு அழுக்கா நிறுத்துவாங்களா அம்மணி?"

யாகூப் தலையில் கை வைத்துக்கொண்டான். வெந்நீர்ச் சூட்டில் காம்புச் சூடு தனியாகத் தெரியாது, காலைக் கறவை வீண். இனி சாயங்காலம்தான் பார்க்க முடியும், தரகர் வருவதும் சாயங்காலம்தான். "மெசினு மேல தப்புன்னு தெரிஞ்சா நானே கழட்டி எடுத்துட்டுப் போயர்றனுங்க அக்கா" என்றான். அவன் குரலும் சுரத்தாக இல்லை.

சாயங்காலம் யாரும் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. மற்ற மாடுகளை முதலில் கறந்தார்கள். கறந்து முடித்த காம்புகள் கேமராவில் லேசாக வெளுத்து, கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆயின. மெசின் அதே மெசின்தான்.

அப்புறம் செவலை. கப்பை மாட்டினதும் காலைத் தூக்கியது. தட்டிக் கொடுத்ததும் நின்றது. கண்ணாடிக் குழாயில் பால் ஓடி, மெலிந்து, நின்றது. பழனியாத்தாள் வழக்கம்போல ஒரு செங்கல்லைக் கயிற்றில் கட்டிக் கப்புகளுக்குக் கீழே தொங்கவிட்டாள்.

"அக்கா! இதென்ன? நான் குடுத்த சாமான்ல செங்கல்லு இல்லீங்களே!"

"மத்ததுக கறக்கற கறவைக்குக் கல்லு எதுக்கு? இவ மடியிலதான் கடைசிப் பால் தங்கும், கல்லு கீழ இழுத்தாத்தான் அது எறங்கும். அதுலதானப்பா கொழுப்பு. கையில கறந்தப்பவும் ஒட்டத்தான் கறப்பேன். உட்டா மடி கட்டிக்காதா?"

மெர்சி பழனியாத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தாள். குழாய் காலியாக இருந்தது. மெசின் இழுத்துக்கொண்டே இருந்தது. கப்பைக் கழற்றியதும், நாலு காம்பும் நுனியில் பளீரென்று வெளுத்துக் கிடந்தன. எவ்வளவு நேரம் பார்த்தும் ஆறவில்லை.

"பால் நின்னதுக்கப்புறம் வெறுங்காம்பைத்தான் இழுக்குதுங்கம்மா. கல்லும் சேந்தா தாங்குமா? பால் நின்னதும் எடுத்துருங்க. ஆறிரும், காப்பாத்திரலாம்" என்றாள் மெர்சி.

மாடு பிழைத்தது என்ற சந்தோஷம் வந்த வேகத்திலேயே பழனியாத்தாளுக்கு அழுகையும் வந்தது. அதிகம் கொடுத்தவளைத்தானே அதிகம் வதைத்திருக்கிறாள்! உதைத்து உதைத்துச் சொல்லியும் காதில் வாங்கவில்லையே!

"ஊரெல்லாம் உன்னையத் தூத்திப்போட்டனே யாகூபு..."

"அதே ஊருக்குப் போயி மறுக்காச் சொல்லிப்போடுங்க, சரியாப் போகும்" என்றான் அவன். பாதி சிரிப்பு, பாதி நிஜம்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கருப்புசாமி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். "ஏனுங் ஆத்தா, மாட்டை அவுக்கலாங்களா? என்ன கோளாறு இதுக்கு?"

பழனியாத்தாள் செவலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"மாட்டுக்கு ஒரு கோளாறும் இல்லீங்க. கோளாறெல்லாம் என்ர கிட்டத்தான். வெறும் வண்டியாப் போகக்கூடாதுன்னா, என்னைய ஏத்திட்டுப் போங்க."