இறங்கிரும் என்று சொன்னவள்

கிடத்தியிருந்த அண்ணன் பிணத்தின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே பழனாத்தாள் கேட்டாள், "எப்படீங்க அண்ணி ஆச்சு? நேத்துக்கூடத் தறிக்குப் போனாரே."

நாச்சியம்மாள் காலையிலிருந்து எல்லோருக்கும் சொன்னதையே சொன்னாள். எந்திரிச்சதும் புருஷன் நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதென்றார், வேர்த்துக் கொட்டியது, கை மரக்குதென்றார், அப்புறம் பேச்சில்லை. நடுவில் தான் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள்.

அந்தச் சீக்கு மூன்று வருஷமாக அவளுடையது. பஸ்ஸில், சந்தையில், ஏன், அடுப்படியில் சும்மா நிற்கும்போதுகூட நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், விரல்கள் மரத்து மடங்கும், இதோ செத்தோம் என்று தோன்றும். அது போன பிறகு, மறுபடி எப்போது வருமோ என்று பயம். பஸ் ஏறுவதையே விட்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் புருஷன் ஆறுச்சாமி தறியை நிறுத்திப்போட்டு அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது.

போன மாசம்தான் கோயமுத்தூரில் ஒரு டாக்டர் ஈசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, வெகுநேரம் கேள்வி கேட்டுச் சொன்னார். "இதயத்துல ஒண்ணுமில்லீங்கம்மா. இதுக்குப் பேரு பேனிக், திடீர்னு வர்ற பயம். உசுருக்கு ஆபத்தில்லை. உக்காந்து மெதுவா மூச்சு விடுங்க, தானா இறங்கிரும்."

"உன்ற பயத்துக்கு இத்தனை நாளு நான் சைக்கிள் மிதிச்சிருக்கறேன் பாரு" என்று ஆறுச்சாமி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஆகவே இன்று அவர் நெஞ்சைப் பிடித்தபோது அவளுக்குப் பயமே வரவில்லை. வேர்வை, மரப்பு, கண்ணில் அந்த மிரட்சி, எல்லாம் தெரிந்த அடையாளம்.

"என்ற சீக்கு உங்களுக்கும் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்றாள். ஆட்டோவை எடுக்கட்டுமா என்று கேட்ட பக்கத்து வீட்டு ஜபருல்லாவையும் வேண்டாமென்று அனுப்பினாள். மெதுவா மூச்சு விடுங்க, இறங்கிரும் என்றாள். அவரும் நம்பி, அவள் சொன்னபடியே விட்டார்.

அவளுக்கு எல்லாம் எடுத்துப் பார்த்த பிறகுதான் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். புருஷனுக்கு யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் மாசாணி வந்து சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். அப்பன் மேல் விழுந்து அழுதவள் திடீரென்று நிமிர்ந்து வாயைத் திறந்து திறந்து காற்றை இழுத்தாள். "அம்மா, நெஞ்சு அடிக்குதும்மா. கை மரத்துப்போச்சு." விரல்கள் கோழி அலகு மாதிரி குவிந்திருந்தன.

அப்பன் மேல் உசுரு, அதான் என்றார்கள் பெண்கள். யாரோ தண்ணீர் தெளித்தார்கள்.

நாச்சியம்மாளுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரிந்தது. மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாச்சியம்மாள் வாயைத் திறந்தாள். வரவில்லை.

"ஜபருல்லா, வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

பழனாத்தாள் குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்கற நேரமுங்க அண்ணி. பொணம் போறதுக்கு முன்னால பொண்டாட்டி வாசப்படி தாண்டலாமுங்களா?"

அவள் தாண்டினாள். மகளை ஆட்டோவில் தூக்கி உட்காரவைத்தாள். ஜபருல்லா வண்டியைக் கிளப்பினார்.

கருமத்தம்பட்டியின் கடைசிக் கடைகள் முடிந்து அவினாசி ரோடு வந்ததும் மாசாணியின் மூச்சு சீரானது. விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தாள்.

"இறங்கிருச்சும்மா. இப்பத் தேவலை. திருப்பச் சொல்லும்மா, அப்பாவை எடுத்துருவாங்க."

ஜபருல்லா வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பார்த்தார்.

"போங்க" என்றாள் நாச்சியம்மாள்.

பின்னால் பறைச்சத்தம் தேய்ந்து, சாலையோரத் தறிகளின் சத்தம் காதை நிறைத்தது. அவள் பிடித்திருந்த மணிக்கட்டில் நாடி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் பிடியை விடவில்லை.