தப்பானவருக்கு ஓர் அத்தியாயம்

லெனோர் ஹேஸ்கலுக்கு நிஜமான கோபம் வந்தது வாழ்க்கையில் இரண்டே முறைதான். இரண்டும் ஒஹாயோவில், ஒரே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில்.

முதல் முறை, அவளை வேலையைவிட்டு அனுப்பியபோது. அவளுடைய பாடம் அறிவியலின் வரலாறு. அதற்கென்று அங்கே தனித் துறை இல்லாததால் இயற்பியல்காரர்களிடம் ஒண்டிக் குடித்தனம். வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்று நம்பிய பழைய காலத்துப் பாஸ்டன்காரர் ஒருவரைப் பற்றி நானூறு பக்கம் எழுதியிருந்தாள். சும்மா படித்துவிட்டு எழுதியதல்ல. அந்த மனிதர் வைத்திருந்த செம்புப் பாத்திரத்தைப் போலவே ஒன்றைச் செய்வித்து, ஜனவரிக் குளிரில் ஏரியிலிருந்து பனிக்கட்டி வெட்டி வந்து, விரல் விறைக்க விறைக்க அவர் செய்த சோதனைகளையெல்லாம் தானும் செய்து பார்த்தாள். அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் வெப்பம் திரவம் மாதிரிதான் நடந்துகொண்டது. புத்தகம் சொன்னது அதைத்தான்.

பணி நிரந்தரத்தை முடிவு செய்யும் குழுவுக்கு ஆல்டன் ரீஸ் தலைவர். துறைக்கும் அவர்தான் தலைவர்.

"அந்த ஆள் சொன்னது சரியா, தப்பா, மிஸ் ஹேஸ்கல்?"

"தப்பு."

"தப்புன்னு தெரிஞ்சுமா நானூறு பக்கம்? தப்புப் பண்ணினவனுக்கு வரலாத்துல என்ன எடம்?"

குழுவே சிரித்தது. விஞ்ஞானிகளில் பலருக்கு இது ஒரு வியாதி. வரலாறு என்றால் ஜெயித்தவர்கள் மட்டும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் என்று நினைப்பார்கள். லெனோர் பெட்டியைக் கட்டினாள்.

பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டது. புத்தகங்கள் வந்தன, பதக்கங்கள் வந்தன, தலை நரைத்தது. அப்போது பழைய துறைக்கு நூறு வயதாகி, நூற்றாண்டு வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அழைத்தார்கள். துரத்திய வீட்டுக்குள் முன்வாசல் வழியாக நுழைய யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒப்புக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்த பிறகு, புதிய தலைவன் க்ரெய்க் டட்டில் அவளைக் காப்பி அறைக்குக் கூப்பிட்டான். கையில் பாதி கடித்த டோனட்.

"பிரமாதம் லெனோர். ஆறாவது அத்தியாயத்த மட்டும் எடுத்துடலாம்."

ஆறாவது அத்தியாயம் ஆல்டன் ரீஸைப் பற்றியது. லெனோர் போன பிறகு அவர் ஒரு புதுத் துகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்து, படமெல்லாம் பத்திரிகையில் வந்து, பிறகு கலிஃபோர்னியாவில் பெரிய எந்திரம் வைத்திருந்தவர்கள் தேடிப் பார்த்து, அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கணக்கை ஜோடித்துவிட்டார் என்றுகூட முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

"விழாவுக்குப் பெரிய மனுஷங்கல்லாம் வருவாங்க. எங்காளு இல்லாததக் கண்டுபிடிச்சார்னு நாங்களே அச்சடிச்சுக் கையில குடுக்கணுமா? நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுல்ல நெனச்சேன். உங்கள வெளிய தள்ளினதே அவர்தானே?"

சொல்லிவிட்டுக் கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்பில்தான் அவளுக்கு இரண்டாவது முறை அந்தக் கோபம் வந்தது. என்ன அற்பத்தனம்! அவளை அனுப்பிய அதே காரணத்தைக் காட்டி இப்போது இன்னொருவரை அனுப்புகிறான். அதற்கு அவளையே கைதட்டவும் சொல்கிறான்.

"பழிவாங்கறத டோனட் மாதிரி தட்டுல வச்சு நீட்டறியா? அந்த அத்தியாயம் போனா மொத்தப் புத்தகமும் போகும், க்ரெய்க். எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

"கோச்சுக்காதீங்க. ரீஸே சரின்னுட்டார். நேத்துதான் கேட்டேன்."

லெனோர் கோட்டுக்குக்கூடச் சரியாகப் பொத்தான் போடாமல் ரீஸின் வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான். கதவைத் திறந்தவர் இளைத்துப் போயிருந்தார். மனைவி போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார் என்பது கசங்கிய சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

"டட்டில் கேட்டதுல தப்பில்ல, மிஸ் ஹேஸ்கல். தப்புப் பண்ணினவனுக்கு அதுல என்ன எடம்? நான் அன்னிக்கே சொன்னதுதானே."

"வாய மூடுங்க!" வாசலிலேயே கத்தினாள். எதிர்வீட்டு நாய் குரைத்தது. "இந்த ஒரு வார்த்தையால என் வேல போச்சு. இன்னிக்கு உங்களையே அது முழுங்குது. இப்பவும் அதுக்கே வக்காலத்தா? உங்க மேல எனக்கு ஒண்ணும் பாசம் பொங்கல. இன்னும் வயிறு எரியுது. ஆனா உங்க கருவிய நான் ஓட்டிப் பாத்தேன்."

"என்னது?"

"துறைக் கட்டடத்துக் கீழ்த்தளத்துல அது இன்னும் ஓடுது. பசங்க பாடத்துக்கு வச்சிருக்காங்க. போன குளிர்காலம் முழுக்க, நீங்க வச்ச மாதிரியே வச்சு ஓட்டினேன். வரைபடத்துல நீங்க துகள்னு காட்டின அந்த மேடு வந்துது."

ரீஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். "வந்துதா?"

"வந்துது. கருவியோட கோளாறு அது, துகள் இல்ல. ஆனா அந்தக் காலத்துல யாராலயும் அதக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. உங்க எடத்துல நான் இருந்தாலும் 'இருக்கு'ன்னுதான் கத்தியிருப்பேன். நீங்க எதையும் ஜோடிக்கல. அந்த அத்தியாயத்துல இருக்கறது அதுதான்."

கிழவர் கண் கலங்கியதை மறைக்கவில்லை. அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

"எத்தன பக்கம்?" என்றார் கடைசியில்.

"நாப்பது."

"அந்தப் பாஸ்டன்காரனுக்கு நானூறு குடுத்த."

"அவர் உங்களவிட அழகாத் தப்புப் பண்ணினார்."

ரீஸ் உள்ளே போய் டெலிபோனை எடுத்தார். லெனோர் வாசலிலேயே நின்றாள். அவளை உட்காரச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, உட்கார அவளுக்கும் மனமில்லை.

"க்ரெய்க், ரீஸ் பேசறேன்," என்றார். "நேத்து உங்கிட்ட சொன்னேனே, அது தப்பு. இந்தப் பொண்ணுகிட்ட அன்னிக்குச் சொன்னதும் தப்பு. அதையும் புத்தகத்துல போடச் சொல்லு."