அஷ்டமியில் அனுப்பாத பணம்

அஷ்டமி என்று முதலில் சொன்னது அப்பச்சியா, நானா? இப்போது எனக்கு உறுதியில்லை. பல வருடங்களாக அப்பச்சிதான் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

எண்பத்தாறாம் வருடம். அப்பச்சி, அதாவது என் அப்பா சோலையப்பன், மலேசியாவில் கிள்ளான் ஊரில் வட்டிக்கடை நடத்தினார். சட்டம் படிக்க எனக்கு இரண்டு வழி இருந்தது. வேல்ஸில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருந்தது. அங்கே படித்து லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பினால் பெரிய அலுவலகங்கள் கூப்பிடும். செலவு அறுபதாயிரம் மலேசிய வெள்ளி. இல்லையென்றால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் நடந்த தனியார் கல்லூரி. வருடத்துக்கு மூவாயிரம். ஆனால் பட்டத்துக்குப் பிறகு வக்கீலாக சி.எல்.பி. என்றொரு தேர்வு. அதைத் தாண்ட முடியாமல் இன்சூரன்ஸ் விற்கப் போனவர்கள் இருவரை எனக்கே தெரியும்.

அப்பச்சி பணம் தர மறுக்கவில்லை. வட்டித்தொழில் செய்யும் எங்களவர் வழக்கப்படி புரோநோட்டு எழுதச் சொன்னார். அறுபதாயிரத்து ஒரு வெள்ளி, நடப்பு வட்டி. அண்ணனும் தொழில் தொடங்கியபோது அப்படித்தான் எழுதிக்கொடுத்தான்.

"சும்மா குடுத்தா அது செல்லம், ஆத்தா. எழுதி வாங்கினாத்தான் உன்னையும் ஒரு ஆளா மதிச்சேன்னு அர்த்தம்," என்றார்.

அதே வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்த என் தோழி சௌதா சிரித்தாள். அவளைப் படிக்க வைக்க அவள் அப்பா, அவள் அத்தா என்பாள், துணிக்கடையை அடகு வைத்திருந்தார். "மகளுக்கே நோட்டா? வட்டி கட்டலன்னா உன்னையே ஜப்தி பண்ணுவாரா லா?"

நானும் சிரித்தேன். ஆனால் அது தொழில் மந்தமான காலம். புதிய வக்கீல்களுக்கு என்ன சம்பளம் என்று விசாரித்தேன். கடன் தீரும்போது எனக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். வியாழக்கிழமை காலை அப்பச்சி கடையில் உட்கார்ந்து பேங்க் படிவத்தைப் பூர்த்தி செய்தார். கையெழுத்துதான் பாக்கி. சுவரில் நாட்காட்டி தொங்கியது.

"இன்னிக்கு அஷ்டமி, அப்பச்சி."

என் குரலாகத்தான் கேட்கிறது.

அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒருவர் கடன் கேட்க வந்தால் பார்க்கிற பார்வை அது. பிறகு பேனாவை மூடினார்.

"நாளைக்கு நவமி," என்றார். "சரி. தசமியில அனுப்புவோம்."

சனிக்கிழமை அனுப்பினார். இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது, பணம் திரும்பியது. சௌதா வீட்டுக்கு வந்து கோபப்பட்டாள். "என்ன அங்கிள், நாள் பார்த்து நாள் பார்த்து இவ படிப்பைக் கெடுத்துட்டீங்களே?"

அப்பச்சி, "என் தப்புதான்மா," என்றார்.

சௌதா பாரிஸ்டராகி, கோலாலம்பூரில் பெரிய அலுவலகமொன்றில் பங்குதாரரானாள். அடகிலிருந்த கடையை ஒன்பது வருடத்தில் மீட்டாள். நான் சி.எல்.பி.யில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினேன். கிள்ளானில் நிலப்பத்திரங்கள் எழுதுகிறேன், கடன் இல்லை. அப்பச்சி தொண்ணூற்றாறாம் வருடம் இறந்தார். நோட்டு அவர் பெட்டியில் இருந்தது. குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டிருந்தார். பக்கத்தில் தேதி போட்டிருந்தார். அது அந்த அஷ்டமி வியாழக்கிழமை.