இரவல் குரல்

நான் பெண்தான். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. தகராறு எல்லாம் என் தொண்டையோடுதான். வாயைத் திறந்தால் போதும், காலையில் கண்ணாடி முன்னால் மாரடித்ததெல்லாம் வீண். பேருந்தில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அம்மாள், நான் "கொஞ்சம் வழி விடுங்க" என்றதும் பையை வெடுக்கென்று மடிக்கு இழுத்துக்கொள்வாள். திருநங்கை என்றால் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவோம் என்று இவர்களுக்கு எந்த மகராசன் சொல்லிக்கொடுத்தானோ!

அதனால் போன் பேசுகிற வேலை முழுக்க என் தங்கையுடையது. வங்கியோ, வாடகை வீடோ, எல்லா இடத்திலும் அவள்தான் நானாகப் பேசுவாள். அவளுக்குத் தேனாட்டம் குரல். திரைச்சீலைக் கடையில் எனக்குத் தையல் வேலை கேட்டதும் அவள்தான். நம்பரும் அவளுடையதையே கொடுத்திருந்தோம். முதலாளியம்மா அந்தக் குரலிலேயே விழுந்துவிட்டார்.

"எவ்வளவு அழகா பேசுற! கொஞ்ச நாள் தைச்சுப் பழகு. அப்புறம் முன்னாடி உக்காந்து கஸ்டமர்கிட்ட நீயே பேசலாம்."

தங்கை பயந்துபோய் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். "தொண்டையில ஒரு சின்ன ஆபரேஷன் இருக்குங்கம்மா. அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அந்தப் பொய் எனக்கு வசதியாகப் போயிற்று. வாயே திறக்க வேண்டாம். கழுத்தில் ஸ்கார்ஃபை இறுக்கிச் சுற்றிக்கொண்டால் துருத்திய குரல்வளை யார் கண்ணிலும் படாது. கேட்டால் ஆபரேஷன்.

கடையில் திரைச்சீலையின் மேல் ஓரத்தில் இரும்பு வளையம் அடிக்கிற மெஷின் ஒன்று உண்டு. அதை டமால் டமால் என்று மிதித்துக்கொண்டிருக்கும் சின்னப் பெண்ணுக்கு டமாலு என்றே பெயர் வைத்திருந்தார்கள். மெஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது. தினமும் எனக்காகப் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவருவாள்.

"அக்கா, உப்புத் தண்ணி கொப்பளிச்சீங்களா? குரல் வந்ததும் மொதல்ல என்கூடத்தான் பேசணும், ஆமா!"

அக்கா. வீட்டுக்கு வெளியே என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே வாய் அது. அந்த ஒரு சொல்லுக்காகச் சம்பளம் இல்லாமல்கூடத் தைத்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் தொண்டைப் புண் எத்தனை மாதத்துக்குத்தான் ஆறாமல் இருக்கும்? முதலாளியம்மா "இன்னுமா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குரலை மெலிதாக்கிப் பார்த்தேன். எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி வந்தது. தங்கையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள்.

அன்று காலை சவரம் செய்யும்போது தாடையில் பிளேடு இழுத்துவிட்டது. ரத்தம் நிற்கவேயில்லை. "இன்னைக்கு நான் எங்கயும் போகல, போடி!" என்று தங்கைமேல் எரிந்துவிழுந்தேன். அவள் தன் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிப் போனாள். அவள் போனதும் வீடு கடித்துத் தின்ன வந்தது. எனக்கு அந்த "அக்கா" வேண்டியிருந்தது. காயத்தில் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பவுடர் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

கடைக்குள் நுழைந்ததும் யார் கண்ணிலும் படாமல் நேராகப் பாத்ரூமுக்குப் போய் பிளாஸ்திரியைச் சரிசெய்தேன். கதவைத் திறந்தபோது தங்கையின் குரல் கேட்டது.

"வணக்கங்கம்மா, நான்தான் பேசுறேன்."

முதலாளியம்மா நீள மேசையில் துணிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பீக்கரில் போன். என் தையல் மெஷின் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, இன்னும் வரவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்.

"அடடே, பேசுறியே! தொண்டை சரியாயிடுச்சா?"

"இப்ப பரவால்லைங்கம்மா. ஆனா இன்னைக்கு காய்ச்சல். எந்திரிக்கவே முடியல, படுத்தே கிடக்குறேன்."

டமாலுதான் என்னை முதலில் பார்த்தாள். அவள் மெஷின் நின்றது. கட்டிங் மாஸ்டர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். என் கையிலிருந்த பை கீழே விழுந்தது. முதலாளியம்மா திரும்பினார்.

"அம்மா, கேக்குதுங்களா?" என்றது போன். அவர் அதை அணைத்தார்.

"படுத்துக் கிடக்குறது யாரு? இங்க நிக்கிறது யாரு?"

வழக்கம்போலத் தொண்டையைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். அவ்வளவு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தாம்மா. அது என் தங்கச்சி. எனக்காக பேசுவா" என்றேன்.

என் சொந்தக் குரலில்தான். கட்டிங் மாஸ்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார். முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன்.

"உன் தையல்ல ஒரு குறையும் இல்ல" என்றார். "ஆனா பொம்பளைங்க வந்து போற கடை. நீ... நீங்க இத்தனை நாளும் அந்த பாத்ரூமையா..." ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தார்.

தெருவுக்கு வந்துவிட்டேன். பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம். டமாலு. திரும்பியபோது எனக்கு ஒரு நப்பாசை இருந்தது, மறைப்பானேன். மூச்சு வாங்க என் பையை நீட்டினாள்.

"பையை விட்டுட்டுப் போறீங்களே, அண்ணா."

கிண்டல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். கிண்டல் செய்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். பையை வாங்கிக்கொண்டு, பேருந்து ஏறாமல், வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

சாயங்காலம் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, உங்க முதலாளியம்மா போன் பண்ணாங்க. காய்ச்சல்னு சொல்லி லீவு வாங்கிட்டேன். பாதியில லைன் கட்டாயிடுச்சு. ஆனா நம்பிட்டாங்க. நல்லா சமாளிச்சேன்ல?"

"நல்லா சமாளிச்ச."

"தாடைக் காயம் இன்னும் ஆறலையே. நாளைக்கும் லீவு சொல்லிடட்டா?"

அவள் கையில் போன் தயாராக இருந்தது.

"சொல்லிடு" என்றேன்.