மெதெரின் நெற்றியில் ஊதாப் பசை

மெதெரின் நெற்றி பிளந்தபோது ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருந்தது. எங்கள் தாஷ்-பெல் அணி ஐந்து புள்ளி, அவனுடைய ஜான்-புலாக் அணி நான்கு. குதிரைமேல் இருந்தபடியே செத்த ஆட்டின் உடலை அள்ளிக்கொண்டு போய் எதிரணியின் மேட்டுக்குழியில் போட்டால் ஒரு புள்ளி. தரையில் கிடந்த ஆட்டுடலை அள்ள இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேணத்திலிருந்து குனிந்தார்கள். எங்கள் ஆளின் தலைக்கவச விளிம்பு மெதெரின் புருவத்துக்கு மேலே கத்தி மாதிரி இறங்கியது. அப்படியும் அவன் ஆட்டை விடவில்லை. கண்ணுக்குள் ரத்தம் வழிந்து, குதிரை தானாக நின்ற பிறகுதான் விட்டான்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாவட்டச் சுகாதார நிலையத்தின் உதவி மருத்துவர் நான். அன்றைக்கு இரண்டு அணிக்கும் நான் ஒருத்திதான். தாஷ்-பெல் அணித் தலைவர் எசென்குல் என் கணவர்.

நடுவர் குதிரையில் வந்து, "ரத்தம் நிக்காம உள்ள விடமாட்டேன். அஞ்சு நிமிஷம்தான். அதுக்கு மேல போனா மூணு பேரோட ஆடட்டும்" என்றார். ஜான்-புலாக்கில் மாற்று ஆள் உண்டு. மாற்றுக் குதிரைதான் இல்லை. இரண்டு குதிரைகள் முன்பே நொண்டிவிட்டன. மெதெரின் குதிரையோ அவனைத் தவிர யாரையும் ஏற்றாது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் கொழுந்தன் கப்பார் கூப்பிட்டான். "அண்ணி, நிதானமா பாருங்க. அவசரமே இல்ல. நூலு ஊசியெல்லாம் நல்லா தேடி எடுங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மெதெரை விரிப்பில் படுக்க வைத்து, துணியை மடித்து நெற்றியில் அழுத்தினேன். "உன் பேரு என்ன? இன்னைக்கு என்ன கிழமை?"

"மெதெர். ஞாயித்துக்கிழமை."

"ஆட்டத்துல யாரு முன்னாடி இருக்கா?"

"உங்க வீட்டுக்காரர். அந்தக் கடைசி ஆடு கோட்டுக்கு வெளியில இருந்து தூக்கினது, அக்கா. நடுவருக்குக் கண்ணு தெரியல."

மூளை சரியாகத்தான் வேலை செய்கிறது. விளக்கடித்துக் கண்மணிகளைப் பார்த்தேன்; இரண்டும் ஒன்றுபோலச் சுருங்கின. தலைசுற்றல் இல்லை, குமட்டல் இல்லை.

இரண்டு நிமிடம் கழித்துத் துணியை எடுத்தேன். விரல் நீள வெட்டு, நேர்க்கோடு, சுத்தமான ஓரம். தைத்தால் மரத்துப்போக ஓர் ஊசி, காத்திருப்பு, தையல் எல்லாமாக அரை மணி ஆகும். பையின் பக்க அறையில் ஒரு குப்பி இருந்தது. குளிர்காலத்தில் தலைநகர் பிஷ்கேக்கில் நடந்த பயிற்சியில் கொடுத்தது, பேனா மூடி அளவு, உள்ளே ஊதா நிறத் தோல்பசை. கோழித்தோலில் ஆறு தடவை ஒட்டிப் பழகியிருந்தேன். மனிதத் தோலில் ஒரு தடவைகூட இல்லை.

குப்பியைக் கண்டதும் ஜான்-புலாக்கின் பயிற்சியாளர் ஜோல்தோஷ் தன் பையிலிருந்து ஒரு பசைக்குழாயை உருவினார். "பசைதான் வேணுமா? இந்தா, குளம்பு வெடிச்சா இதைத்தான் வைப்போம். பாறை மாதிரி பிடிக்கும்."

"அது குளம்புக்கு. இவன் தோலைப் பொசுக்கிடும். உள்ள வையுங்க."

"ரெண்டும் பசைதானே, அம்மா?"

"அவன் தலையைப் பிடிங்க. பேசாதீங்க."

உப்புநீரால் காயத்தைக் கழுவி ஒற்றினேன். பசை கண்ணுக்குள் இறங்கினால் இமை ஒட்டிக்கொள்ளும். அதனால் தலையைப் பின்னால் சாய்த்து, ஈரத்துணியால் கண்ணை மூடினேன். இடது கை விரல்களால் வெட்டின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தேன். குப்பியை உடைத்து, உள்ளே ஒரு சொட்டும் போகாமல் மேலே மட்டும் மெல்லிய கோடாக இழுத்தேன்.

"சுடுது, அக்கா."

"காயும்போது சூடு வரும். அசையாதே."

அரை நிமிடம் காத்திருந்து இரண்டாவது கோடு. மறுபடி அரை நிமிடம், மூன்றாவது. ஒரு துளி ரத்தம் வரவில்லை. எனக்குள் என்னமோ துள்ளியது. கையை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. என் சுட்டுவிரல் கையுறை அவன் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் ஜோல்தோஷ்.

"ஒண்ணுமில்ல."

"ஒட்டிக்கிச்சா?"

"ஒண்ணுமில்லன்னேன்ல."

இழுத்தால் காயம் திறந்துவிடும். கையைக் கையுறையிலிருந்து உருவிக்கொண்டு, கத்தரிக்கோலால் நெற்றியை ஒட்டிச் சுற்றி வெட்டினேன். நகம் அளவு நீல ரப்பர் அவன் நெற்றியிலேயே தங்கிவிட்டது. நடுவர் குனிந்து பார்த்தார், விரலால் பக்கத்தில் தொட்டார், கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "போகலாம்" என்றார்.

கப்பாரின் குரல் கேட்டது. "அண்ணி, நீங்க எந்த ஊர்ல வாக்கப்பட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

மெதெர் ஏறினான். கவசத்தைத் தளர்த்திச் சற்று மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டால் தெரியாது. எட்டுக் குதிரைகளின் சேற்றுக்கு நடுவே ஒரே ஒரு நீலப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் அனுப்பினேன். பசை பிரிந்து ரத்தம் கண்ணை மறைத்தால், அந்த வேகத்தில் விழுந்தால், அதற்கும் நான்தான் பொறுப்பு. அவன் குனிந்தபோதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டேன். சமன் ஆகிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி நிமிடத்தில் மெதெரும் என் கணவரும் ஒரே ஆட்டின் இரண்டு கால்களைப் பிடித்துக்கொண்டு, முழங்காலோடு முழங்கால் உரச, என் பக்கமாகவே பாய்ந்து வந்தார்கள். மெதெர் சாட்டையைப் பல்லில் கடித்திருந்தான். நெற்றி நரம்பு புடைத்து நின்றது. எசென்குல் தோளால் அவன் முகத்தில் இடித்தார். மெதெர் ஒரே உதறலில் ஆட்டைப் பிடுங்கி, மேட்டுக்குழிக்குள் அதனோடு சேர்ந்து பாதி உடம்பும் விழ எறிந்தான். நிமிர்ந்தான். நெற்றி என் கண்ணுக்கு நேரே இருந்தது. ஊதாக் கோடு அப்படியே இருந்தது, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இரண்டு கையையும் தூக்கிக் குதித்துவிட்டேன். "பிரியல, பிரியல" என்று கத்தியிருக்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, தாஷ்-பெல் முழுக்க வாயடைத்து நின்றபோது குதித்தது நான் ஒருத்தி மட்டும் என்று. ஆறு ஐந்து. நாங்கள் தோற்றிருந்தோம்.

எசென்குல் குதிரையை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். முகமெல்லாம் சேறு. என்னைப் பார்த்தார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மெதெரைப் பார்த்தார். இறங்கிப் போய் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நான் இடிச்சதுலகூட பிரியலையா?"

"இல்லண்ணா. வலிச்சுது, ஆனா பிரியல."

"இது என்ன நீலமா?"

"அக்காவோட கையுறை."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மெதெரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "சைரா, அடுத்த வருஷம் அந்தக் குப்பியை வீட்டிலேயே வச்சிட்டு வா."

"மாட்டேன்" என்றேன். "ரெண்டா எடுத்துட்டு வருவேன்."